காய்ச்சல் விட்டாலும் விடாத இருமல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலந்தோறும் வைரஸ் காய்ச்சலுக்காகப் புறநோயாளிப் பிரிவுகளில் கூடும் கூட்டத்தைப் பற்றிச் செய்திகள் வருகின்றன. ஆனால், மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்களில் பலர், காய்ச்சல் விட்ட பின்னும் வாரக்கணக்கில் வறட்டு இருமல், அசதி, படியேறினால் மூச்சிரைப்பு என்று அவதிப்படுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகாத நோய் லேசானதுதான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது தவறு என்பதைக் கொரோனா காட்டியது. வீட்டிலிருந்தே குணமானவர்களிலும் பலருக்கு அதன் பின்விளைவுகள் மாதக்கணக்கில் நீடித்தன.

வைரஸ் நீங்கினாலும் மூச்சுக்குழாயின் உட்புற அழற்சி ஆற நாளாகும். அதுவரை தூசும் குளிர்காற்றும், ஏன், வாய்விட்டுச் சிரிப்பதும்கூட இருமலைக் கிளப்பும். மூன்று முதல் எட்டு வாரம் வரை நீடிக்கக்கூடிய இந்த இருமல் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இதை நோயாளியிடம் யாரும் எடுத்துச் சொல்லாததால்தான், வைரஸுக்கு எதிராகப் பயனே இல்லாத ஆன்டிபயாடிக் மருந்தை அவர் கடையில் தானாகவே வாங்கி விழுங்குகிறார். அதே வேளையில், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டம் வலியுறுத்துகிறது. 'காய்ச்சலில் வந்த இருமல்தானே' என்று அதைத் தள்ளிப்போடுவது நோயாளிக்கு மட்டுமல்ல, அவர் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து.

அசதிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சிறிது உழைத்தாலும் மறுநாள் எழ முடியாமல் போகிறவரைச் சோம்பேறி என்று ஏசுவதும், 'நடந்தால் சரியாகிவிடும்' என்று விரட்டுவதும் அவர் நிலையை மோசமாக்கும். வேலையைச் சிறுகச் சிறுகப் பிரித்து, இடையிடையே ஓய்வெடுப்பதே அவருக்கு ஏற்றது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளி, மருத்துவச் சான்றுடன் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் பெறலாம். கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிற கூலித் தொழிலாளிக்கு அந்த ஓய்வை யார் தருவார்கள்?

புறநோயாளிச் சீட்டிலேயே, எத்தனை நாள் இருமல் இருக்கலாம், எப்போது திரும்பி வர வேண்டும் என்று இரண்டு வரி அச்சிட்டுத் தரலாம். 2021 ஆகஸ்டு முதல் வீடு வீடாகச் செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும்போதே, அண்மையில் காய்ச்சல் வந்தவர்களிடம் இருமலும் மூச்சிரைப்பும் நின்றுவிட்டனவா என்று கேட்டுப் பதிவு செய்யவும் மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.