அறை எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது நல்ல வட்டாரமும் கண்காணிப்புக் கேமராவும் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. உண்மைதான். ஆனால் நமது அறை எண் யார் காதில் விழுகிறது என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. சென்ற ஆண்டு மதுரையில் ஒரு ஹோட்டலின் வரவேற்பாளர், "412, லிஃப்டுக்குப் பக்கத்து அறை" என்று கூடமே கேட்கச் சொன்னார். என் பின்னால் முன்பின் தெரியாத இருவர் நின்றிருந்தனர். இரவு 11 மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நான் திறக்கவில்லை. நாற்காலியைக் கதவோடு சேர்த்து வைத்து, விளக்கை அணைக்காமல் விடியும்வரை விழித்திருந்தேன்.

சிங்கப்பூருக்கும் பெண்கள் தனியாக வருகிறார்கள். அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல், சாவி அட்டையின் உறையில் எழுதிக் கொடுக்கும்படி இங்குள்ள ஹோட்டல்களைப் பயணத்துறைக் கழகம் கேட்டுக்கொள்ளலாம். கதவில் பார்வைத் துளையும் உள்தாழ்ப்பாளும் உண்டா என்பதை முன்பதிவுப் பக்கத்திலேயே குறிப்பிடச் செய்வதும் நல்லது.

ஈசூன் வாசகி