சேம் சைடு கோல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் மூன்று வாரம் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வேறு வேலை இல்லாமல், பழைய ஐஸ் ஹாக்கி ஆட்டங்களாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பைத்தியம் உனக்குப் பழக்கம்தானே.

உன் பையன் விஷயத்தைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. கடைசி நிமிடத்தில் பந்தைத் தூரத் தள்ளப் போய், அது சொந்த அணிக்காரன் மேலேயே பட்டு உள்ளே போய்விட்டது, அன்றிலிருந்து ஷூவைத் தொடவில்லை, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை என்று எழுதியிருந்தாய். நம்பினால் நம்பு, அச்சாக அதே கோலை முந்தின ராத்திரிதான் பார்த்திருந்தேன். பந்துக்குப் பதில் பக் என்கிற ரப்பர் வட்டு, புல்லுக்குப் பதில் பனி, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேர்ல்ட் ஜூனியர்ஸ் என்று நான் ஒவ்வொரு டிசம்பரிலும் புலம்புவேனே, அதுதான். இருபது வயதுக்குட்பட்ட பையன்களுக்கான உலகப் போட்டி, 1977 முதல் அதிகாரபூர்வமாக நடக்கிறது. பத்து நாடுகள், ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிந்துவிடும். கனடாவில் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மீசை சரியாக முளைத்திருக்காது.

2004 ஜனவரி, ஹெல்சிங்கி, இறுதி ஆட்டம். கனடாவும் அமெரிக்காவும். ஹாக்கியில் இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. இரண்டு பகுதி முடிந்தபோது கனடா 3-1 என்று முன்னால் இருந்தது, பதக்கத்தைக் கழுத்தில் மாட்டாத குறைதான். அமெரிக்கப் பையன்கள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். அப்புறம் கடைசி ஐந்து நிமிடம் சொச்சம் இருக்கும்போது பக் கனடாவின் பக்கம் வந்தது. கீப்பர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி வலையை விட்டு வெளியே ஓடிவந்து அதை மட்டையால் அடித்து வெளியேற்றப் பார்த்தான். எதிராளி நெருங்கி வருகிறான், நேரம் இல்லை, எந்தக் கீப்பரும் அதைத்தான் செய்திருப்பான். அடித்த பக் நேராகப் போய்த் தன் தடுப்பாட்டக்காரன் மேல் பட்டது, திரும்பி வந்தது, காலியான வலைக்குள் உருண்டது. 4-3. அமெரிக்காவுக்கு இந்தப் போட்டியில் அதுதான் முதல் தங்கம்.

அந்தப் பையனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அதற்கு முந்தின வருஷம்தான் என்.எச்.எல். என்கிற வட அமெரிக்கத் தொழில்முறை லீக் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே, ஏன், உலகத்திலேயே முதல் ஆளாக அவனைப் பிட்ஸ்பர்க் அணி எடுத்திருந்தது. அப்படிப்பட்டவன் போட்ட சேம் சைடு கோலை ஒரு தேசமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கோலைவிட, கோலுக்கு அப்புறம் அவனைத்தான். முகமூடிக்குள் இருக்கிற முகம் தெரியாது, ஆனால் தோள் இரண்டும் தொங்கிப்போனது தெரியும். உன் பையன் வீட்டுக்குள் வந்த தோரணையை நீ எழுதியிருந்தாயே, அதுவேதான்.

இவன் கதையை இங்கே நிறுத்திவைக்கிறேன், மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் நீ கேட்டிருந்த இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் அவன் காதுபடவே திட்டினார், நான் சும்மா நின்றுவிட்டேன், அது தப்பா என்று கேட்டிருந்தாய். தப்புதான்டா. எனக்கு மூடி மறைக்கத் தெரியாது. ஆனால் நானும் யோக்கியன் இல்லை. 2011-ல் பஃபலோவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கனடா மூன்றுக்குப் பூஜ்யம் என்று இருந்து, கடைசிப் பகுதியில் ரஷ்யாவிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றபோது, டிவியைப் பார்த்து நான் கத்திய கத்தலை என் பெண் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். யாரைத் திட்டினேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் முடித்து ஓரிரண்டு வருஷம்கூட ஆகாத பிள்ளைகளை.

அதைவிட மோசம் 2019. வான்கூவரில் காலிறுதி, பின்லாந்தோடு. ஒன்றுக்கு ஒன்று சமன், கூடுதல் நேரத்தில் கனடாவுக்கு ஒரு பெனால்டி ஷாட் கிடைத்தது. கேப்டன் மாக்ஸிம் காம்துவா போனான், கீப்பர் தடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வலை காலியாகக் கிடக்க, நோவா டாப்சன் என்ற பையன் அடிக்க மட்டையை ஓங்கினான், மட்டை கையிலேயே இரண்டாக உடைந்தது. பக் மறுபக்கம் போய் பின்லாந்து கோல் போட்டது. (மட்டை உடைவதற்கெல்லாம் யாரைக் குறை சொல்வாய்? மரத்தையா? இப்போது அது மரம்கூட இல்லை, கார்பன் இழை.) சொந்த மண்ணில் நடத்திய போட்டியில் கனடா பதக்கமே இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி அந்தக் கேப்டனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய் வளர்ந்த ஆட்கள் எழுதியதை இங்கே எழுத முடியாது. அவன் தோள் இறங்கிய நிலையில்தான் ஆடினான் என்பது அப்புறம்தான் வெளியே தெரிந்தது. தெரியாமல் போயிருந்தாலும் அவனுக்கு வயது பத்தொன்பதுதானே.

இதை இத்தனை வருஷமாகப் பார்ப்பதில் எனக்குப் பிடித்ததும் உறுத்துவதும் ஒன்றேதான், அதாவது இவர்கள் இன்னும் வேகாதவர்கள். பெரியவர்கள் ஆடும் என்.எச்.எல். ஆட்டத்தில் இரண்டு கோல் முன்னிலை என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். இங்கே எந்த முன்னிலையும் நிலைக்காது. 2009 அரையிறுதியில் ரஷ்யாவுக்கு எதிராக ஆட்டம் முடிய ஐந்தரை வினாடிகூட இல்லாதபோது ஜோர்டன் எபர்லி சமன் செய்தான், ஷூட்அவுட்டில் கனடா வென்றது, ஊரே கொண்டாடியது. அதே எபர்லி மறு வருஷம் இறுதி ஆட்டத்தில் கடைசி மூன்று நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தும், கூடுதல் நேரத்தில் அமெரிக்கா அடித்துவிட்டது, வெள்ளிதான் கிடைத்தது. 2024-லும் 2025-லும் அடுத்தடுத்துச் செக் அணி ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது கோல் போட்டுக் காலிறுதியிலேயே கனடாவை வீட்டுக்கு அனுப்பியது. யாரும் சோம்பேறித்தனமாக ஆடவில்லை. பனியில் பக் எங்கே பட்டுத் தெறிக்கும் என்பதை எந்தப் பயிற்சியாளராலும் சொல்ல முடியாது.

ஐஸ் ஹாக்கியின் டெண்டுல்கர் என்று சொல்லத்தக்க கிரெட்ஸ்கியே இந்தப் போட்டியில் ஆடியது ஒரே தடவை, 1978-ல், பதினாறு வயதில். கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்துப் போட்டியிலேயே அதிகப் புள்ளி அவனுக்குத்தான், 17. கனடாவுக்குக் கிடைத்ததோ வெண்கலம்.

சிரிக்க வைக்கவும் ஒன்று இருக்கிறது, பையனிடம் சொல், ஒருவேளை வாயைத் திறப்பான். 1987-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் பியஷ்டானியில் கனடாவும் சோவியத்தும் கடைசி ஆட்டம் ஆடின. கனடா 4-2 என்று முன்னால் இருந்தது, ஏதோ ஒரு பதக்கம் நிச்சயம், நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தால் தங்கமே. நடுவில் இரண்டு பேர் முட்டிக்கொள்ள, பெஞ்சில் இருந்தவர்களும் குதித்து இறங்க, கிட்டத்தட்ட இரண்டு அணியும் ஆளுக்கு ஆள் ஜோடி போட்டு அடித்துக்கொண்டார்கள். நடுவர்கள் என்ன செய்தும் அடங்கவில்லை. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அரங்கத்தின் விளக்கை அணைத்துவிட்டார்கள்! இருட்டிலும் அடி நிற்கவில்லை. இரண்டு அணியையும் போட்டியிலிருந்தே நீக்கினார்கள், தங்கம் பின்லாந்துக்குப் போனது. இதோடு ஒப்பிட்டால் உன் பையன் செய்தது என்ன பெரிய குற்றம்?

சரி, ஃப்ளூரிக்கு வருகிறேன். ஹெல்சிங்கியில் தோள் தொங்கிப்போன அந்தப் பையன் அப்புறம் என்.எச்.எல்.-இல் ஆயிரம் ஆட்டத்துக்கு மேல் ஆடினான். அந்த லீக்கின் சாம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கோப்பை மூன்று. மொத்த வெற்றிகளில் அவனுக்கு மேலே இருக்கிற கீப்பர் ஒரே ஒருவர்தான். 2025-ல் நாற்பது வயதில் ஓய்வு பெற்றான். (இனி 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் எனக்கு அவன் எப்போதும் ஹெல்சிங்கிப் பையன்தான்.) அதில் நீ பார்க்க வேண்டியது 2009 ஜூன், டெட்ராய்ட், ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் கடைசியான ஏழாவது ஆட்டம். பிட்ஸ்பர்க் 2-1 என்று இருக்கிறது, கடைசி ஒன்றிரண்டு வினாடி, இடது பக்கம் வலை திறந்து கிடக்கிறது, டெட்ராய்ட் அணியின் பெரிய நட்சத்திரம் லிட்ஸ்ட்ராம் அடிக்கிறார், இவன் குறுக்கே பாய்ந்து விழுந்து மார்பில் வாங்கித் தடுத்துவிட்டான். ஹெல்சிங்கி அவன் நினைவுக்கு வந்ததோ என்னவோ, எனக்கு வந்தது.

பையனிடம் இதை உபதேசமாகச் சொல்லாதே. அவனுக்கு இப்போது யார் சொன்னாலும் காதில் ஏறாது, நாம் மட்டும் அந்த வயதில் கேட்டோமா? பக்கத்தில் உட்கார்ந்து முதலில் 2009 தடுப்பைப் போட்டுக் காட்டு. யார் இவர் என்று அவனே கேட்டால், அப்புறம் 2004-ஐக் காட்டு. கேட்காவிட்டால் விட்டுவிடு.

அப்புறம் அந்தத் திட்டிய ஆளைப் பார்த்தால் என் சார்பில் இரண்டு வார்த்தை கேட்டுவிடு, முடியாவிட்டால் எனக்கு ஃபோன் நம்பர் அனுப்பு, இன்னும் ஒரு வாரம் நான் படுக்கையில்தான், எனக்குப் பொழுது போகவில்லை.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பையன் ஷூவை எடுத்தானா என்று மட்டும் ஒரு வரி எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்