கீட்டோ கட்டுரையில் விடுபட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க விஞ்ஞானி டொமினிக் டி'அகஸ்டினோவின் கீட்டோசிஸ் ஆராய்ச்சி பற்றிப் படித்தேன். மாவுச்சத்து குறையும்போது உடல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கி எரிபொருளாக்கிக்கொள்ளும் நிலைதான் கீட்டோசிஸ். கட்டுரை சரி, பக்கத்திலேயே 'தொப்பை கரைய கீட்டோ' என்று ஒரு பெட்டிச் செய்தி எதற்கு? அவர் இதில் இறங்கியது தொப்பைக்காக அல்ல, வலிப்புக்காக.

குமிழி விடாத சுவாசக் கருவியோடு கடலுக்குள் இறங்கும் கடற்படை வீரர்களுக்கு, ஆழத்தின் அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு வந்தால் பிழைப்பது கடினம். இரத்தத்தில் கீட்டோனைக் கூட்டும் கீட்டோன் எஸ்டர் என்ற பொருளைக் கொடுத்த எலிகளுக்கு இந்த வலிப்பு வர வெகு நேரம் பிடித்தது என்று தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தில் அவரது குழு 2013-இல் எழுதியது. எலிகளுக்கு!

மனிதர்களிடம், மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறை அதைவிடப் பழசு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் ரஸ்ஸல் வைல்டர் 1921-லேயே வலிப்பு நோய்க்கு இதை முன்வைத்தார். 2008-இல் வெளியான லண்டன் ஆய்வில், மூன்று மாத முடிவில், இந்த உணவில் இருந்த குழந்தைகளில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வழக்கமான உணவில் இருந்தவர்களில் அது 6 சதவீதம்தான்.

நான் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகர். வலிப்புக் குழந்தைகளின் அம்மாக்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? சமையல் மேடையில் கிராம் தராசு. புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். சின்னக் குழந்தைக்கு ஒரே ஒரு இட்லியில் அன்றைய மாவுச்சத்துக் கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடும். தட்டில் ஒட்டிய எண்ணெயைக்கூட வழித்துக் கொடுக்க வேண்டும். இருமல் சிரப்பில் சர்க்கரை இருந்தாலே கீட்டோசிஸ் கலைந்துவிடும், அதனால் சர்க்கரை இல்லாத மருந்தாகத் தேடி அலைவார்கள். அப்புறம் இரத்தப் பரிசோதனை, சிறுநீரகக் கல் வருகிறதா என்ற கண்காணிப்பு வேறு. இதை யூடியூப் பார்த்து மாமனாருக்கும் மருமகளுக்கும் ஒரே சட்டியில் ஆக்குகிறார்கள்!

அந்த மாமனார் சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசினோ எம்பாகிளிஃப்ளோசினோ சாப்பிடுபவராக இருந்தால்தான் எனக்குப் பயம். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள். இவற்றோடு சோற்றையும் சப்பாத்தியையும் ஒரேயடியாக நிறுத்தினால் இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று வருவார்கள். குளுக்கோமீட்டரிலோ சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாகவே காட்டும். 'சுகர் நார்மல்தானே' என்று வீட்டிலேயே கிடந்துவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு அதே அளவு பெட்டியில் இந்த இரண்டு மாத்திரைகளின் பெயரையும், மருத்துவரைக் கேட்காமல் கீட்டோ தொடங்க வேண்டாம் என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர், திருச்சி