பத்திரிகை நிறுவனங்களின் இணைப்புக்கு அனுமதி தரும் ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இரண்டு நாளிதழ் நிறுவனங்கள் ஒன்றாக இணைய அனுமதி கேட்டு வந்தால், மனுவில் பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: 'சேர விட்டால் பிழைப்போம், இல்லையென்றால் இழுத்து மூடுவோம்.' விளம்பர வருமானத்தில் பெரும்பகுதி கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது உண்மைதான். அதற்காக அந்த மிரட்டலை அப்படியே நம்பி முத்திரை குத்திவிடாதீர்கள்.

நியூசிலாந்தின் இரண்டு பெரிய பத்திரிகைக் குழுமங்களான என்இசட்எம்இயும் ஃபேர்ஃபாக்ஸும் இணைய முயன்றன. 2017 மே மாதம் அந்நாட்டு வணிக ஆணையம் முடியாது என்றது. விளம்பரக் கட்டணம் ஏறுமா என்று பார்த்ததோடு அது நிற்கவில்லை. இணைந்த நிறுவனத்தின் ஆசிரியர் குழு, அதற்கு அடுத்த மூன்று பெரிய ஊடகங்களின் குழுக்களை மொத்தமாகக் கூட்டினாலும் பெரிதாக இருக்கும் என்று சுட்டிக்காட்டியது. வழக்குப் போட்டார்கள்; 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது. அப்புறம் என்ன ஆயிற்று? 'ஸ்டஃப்' என்று பெயர் மாறிய ஃபேர்ஃபாக்ஸின் நியூசிலாந்துப் பிரிவை, 2020இல் அதன் தலைமை நிர்வாகியே ஒரு டாலருக்கு வாங்கினார். ஆமாம், ஒரே ஒரு டாலர்! இடையில் சில சிறிய இதழ்கள் மூடப்பட்டன, அதை மறைப்பானேன். ஆனாலும் நிறுவனம் சாகவில்லை, போட்டியாளர் கைக்கும் போகவில்லை.

நிபந்தனை போட்டு அனுமதிக்கலாமே என்று தோன்றும். 1981இல் லண்டனின் 'தி டைம்ஸ்', 'சண்டே டைம்ஸ்' இரண்டையும் ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக் வாங்கியபோது, நட்டத்தைக் காரணம் காட்டி, ஏகபோகத்தைத் தடுக்கும் ஆணையத்தின் விசாரணைக்கே அனுப்பாமல் பிரிட்டிஷ் அரசு சம்மதித்தது. ஆசிரியர் சுதந்திரத்தைக் காக்கத் தனி இயக்குநர்கள், உறுதிமொழிகள் எல்லாம் இருந்தன. 1982 மார்ச்சில் 'டைம்ஸ்' ஆசிரியர் ஹெரால்ட் எவன்ஸ் மர்டாக்குடன் மோதி வெளியேறினார். உறுதிமொழி காகிதத்தில் பத்திரமாகவே இருந்தது.

ஆகவே முதலில் நட்டக் கணக்கைத் தோண்டிப் பாருங்கள். வேறு யாருக்காவது விற்க உண்மையிலேயே முயன்றார்களா? குறைந்த விலைக்குக் கேட்டவரைத் திருப்பி அனுப்பிவிட்டு 'வாங்க ஆளில்லை' என்று சொல்வது கணக்கில் சேராது. கூகுளும் போட்டிதானே என்பார்கள். விளம்பரத்துக்குச் சரி. ஆனால் எந்தத் தேடுபொறியும் நகராட்சிக் கூட்டத்துக்கு நிருபரை அனுப்புவதில்லை. இணைந்த பிறகு நீதிமன்றத்துக்கும் உள்ளாட்சிக் கூட்டங்களுக்கும் எத்தனை நிருபர்கள் போவார்கள் என்று மனுவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரு செய்தி அறைகளிலும் வேலை செய்பவர்களையும் விசாரியுங்கள், பெயரை வெளியே விடாமல். வருங்கால முதலாளியை எதிர்த்து எவர் பகிரங்கமாகப் பேசுவார்?

முடிவு எதுவானாலும் காரணங்களை முழுதாக வெளியிடுங்கள். 'வணிக ரகசியம்' என்று பாதிப் பக்கங்களில் கறுப்பு மை பூசிய அறிக்கை எங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
நாளிதழ் வாசகர் ஒருவர்