அம்மாயியின் ஐந்நூறு ரூபாய்க்கும் உங்கள் எல்லாருக்கும்

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் இருந்து எழுதுகிறேன். முதலாம் வகை நீரிழிவோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். எடை இன்னும் ஏறவில்லை, ஆனால் வாய் ஏறிவிட்டது. தங்கச்சியோடு சண்டை, சாப்பாட்டில் குறை, எல்லாம் பழையபடி. நடந்தது என்ன என்று நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் எல்லாரும் அதற்குள் இருந்தவர்கள்தான்.

நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம் ரோட்டில் மண் விழுந்து கிடந்த அந்த ராத்திரி, பிள்ளையைத் தோளில் தூக்கிச் சேற்றைத் தாண்டி அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் ஏற்றிய ஸ்டாண்ட் தம்பிமாருக்கு நன்றி. மூச்சு வாடையைப் பிடித்தவுடனே “இது வெறும் வயித்துவலி இல்ல டீச்சர், நிக்காதீங்க” என்று எங்களை விரட்டிவிட்ட தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவுக்கும். டிக்கோயா ஆஸ்பத்திரியில் விடியும்வரை அவன் கையை விடாமல் இருந்த தாதி மிஸ்ஸிக்குத் தமிழ் வராது, இவனுக்குச் சிங்களம் அரைகுறை. இரண்டு பேரும் என்னதான் பேசினார்களோ, இன்றைக்கும் அவரைத்தான் கேட்கிறான். பேராதனை சிறுவர் வைத்தியசாலையில் ஊசி போடவும் சாப்பாட்டைக் கணக்குப் பார்க்கவும் எனக்குப் பொறுமையாகப் பழக்கிய வைத்தியர்கள், தாதியர்; லீவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத அதிபர்; பணம் சேர்த்துத் தந்த கோயில் கமிட்டி, பள்ளிவாசல் ஜமாஅத், கொழும்பில் கடைகளில் நிற்கும் எங்கள் தோட்டத்துப் பொடியன்மார்; எல்லாருக்கும் கைகூப்புகிறேன். பசார் கடை முதலாளியையும் விடக்கூடாது. கரண்ட் ஒழுங்காக இல்லாத எங்கள் வீட்டுக்குப் பதிலாக, இன்சுலின் போத்தல்களை அவர் கடைக் குளிர்சாதனப் பெட்டியில் யோகட் கப்புகளுக்கு நடுவே வைத்துத் தருகிறார். உறைந்தால் மருந்து வீண் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மறுநாள் போய்ப் பார்த்தால் ‘தொடாதே, பிள்ளையின் மருந்து’ என்று இரண்டு மொழியிலும் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறார்.

பாகற்காய்ச் சாறு, கோவை இலை, தெபு இலை என்று கொண்டுவந்து தந்தவர்களின் அன்பையும் மறக்கமாட்டேன். இன்சுலினை நிறுத்திவிட்டு அதைக் குடிக்கச் சொன்னவர்களுக்கு மட்டும் இந்தக் கடிதத்தில் நன்றி இல்லை. இது சீனி அதிகம் தின்று வந்த வருத்தமும் இல்லை. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் நிர்ப்பீடனத் தொகுதியே ஆள் மாறி, சதையியில் (கணையத்தில்) இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. வெளியிலிருந்து இன்சுலின் ஏறாவிட்டால் பிள்ளை இல்லை. அவ்வளவுதான் கதை.

இனி மேட்டு லயத்து அம்மாயி. மேலே இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளைத்தான் மேட்டு லயம் என்கிறோம்.

எனக்கு அவர் சொந்தமில்லை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் அம்மாயி, அதனால் எனக்கும். மகன் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், தபால் கந்தோரில் முதியோர் கொடுப்பனவை எடுத்துக்கொண்டு மேலே ஏறும் வழியில் உள்ளே வந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போடும் நேரம். பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் சட்டையைத் தூக்கி வயிற்றில் தானே குத்திக்கொள்வதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

“இந்த ஊசி மருந்த யாரு டீச்சரம்மா கண்டுபிடிச்சது?”

விஞ்ஞானம் படிப்பிக்கிறவளிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? கனடாவில் டொரண்டோ என்ற ஊர், 1921, பாண்டிங், பெஸ்ட் என்று இரண்டு பேர், முதலில் நாய்களில் சோதித்தார்கள் என்று ஆரம்பித்தேன். 1922 ஜனவரியில் லியனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஏற்றினார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. கொலிப் என்பவர் மருந்தை நன்றாகச் சுத்தப்படுத்திக் கொடுத்தார், சில நாள் கழித்துப் போட்ட அந்த ஊசியில் பையன் தேறினான். அதற்கு முன்னால் இந்த வருத்தம் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சாவைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்ததோடு சரி. மகனுக்கு இந்தக் கதை மனப்பாடம். இடையில் புகுந்து, இப்போது ஊசியே தேவைப்படாத வைத்தியம் ஒன்றைத் தேடுகிறார்கள் என்று அவனும் அளந்தான்.

அம்மாயி அவனைக் கவனித்ததாகவே தெரியவில்லை. “எந்த வருசம்னீங்க?”

“1922.”

விரலை மடக்கினார். “என் தம்பி ஒப்பந்த வருசத்துல போனான்.”

இலங்கையும் இந்தியாவும் எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1964. எங்கள் பெரியவர்களுக்குச் சாவும் கல்யாணமும் அந்த வருடத்துக்கு முன், பின் என்றுதான் கணக்கு. தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. “கொடங் கொடமா தண்ணி குடிச்சான் டீச்சரம்மா. ராவெல்லாம் ஒண்ணுக்கு. இருந்த எடத்துல எறும்பு மொய்ச்சுச்சு. முனி அடிச்சிருச்சுன்னு பூசாரி துந்நூறு போட்டாரு. எலும்பா போயிட்டான். எங்கம்மா கொழுந்துக்குப் போயிட்டு அந்தியில வந்து பாக்கயில…” என்று நிறுத்திக்கொண்டார். இந்த வருத்தம்தான் அது என்று இத்தனை வருடம் கழித்து யாரும் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் அந்தத் தாகத்தையும் அந்த மெலிவையும் நான் என் வீட்டில் பார்த்தேன்.

“அப்ப மருந்து இருந்துருக்கு,” என்றார்.

“இருந்தது அம்மாயி.”

“நாப்பது வருசத்துக்கு மேல இருந்துருக்கு.”

எனக்குப் பதில் வரவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். அவர் தன் பிரஷர் கிளினிக் கொப்பியை எடுத்து, அதற்குள் இருந்த நூறு ரூபாய்த் தாள்கள் ஐந்தை எண்ணி என் கையில் வைத்தார். வாங்க மறுத்தேன். மகனுக்குத் தேவையானது சேர்ந்துவிட்டது என்றேன்.

“இது இந்தத் தம்பிக்கு இல்ல. தம்பிக்குத்தான் ஊரே குடுக்குதே. ஊசி வேணாங்குற மருந்தத் தேடுறாங்கன்னு இப்ப சொல்லுச்சுல்ல, அந்தத் தேடுறவங்களுக்கு. கண்டுபிடிச்சா மேட்டு லயம் வரைக்கும் கொண்டாந்து குடுக்கணும்னு அதையும் சேத்து எழுதிருங்க.”

சொல்லிவிட்டு, இருட்டுகிறது என்று எழுந்து போய்விட்டார்.

உங்கள் எல்லாருடைய உதவியும் என் பிள்ளையைக் காப்பாற்றியது. அதை எந்த ஐந்நூறு ரூபாயோடும் ஒப்பிடமாட்டேன். ஆனாலும் தூக்கத்தைக் கெடுத்தது இந்தப் பணம்தான். யாருக்கு அனுப்புவது? இப்படியொரு காரியத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆராய்ச்சி என்றால் பெரிய நாடு, பெரிய கம்பனி, அவர்கள் பாடு என்றுதான் நினைப்பு.

தேடிப் படித்தபோது தெரிந்தது, அங்கேயும் தொடங்கி வைத்தது என்னைப்போன்ற தாய் தகப்பன்தான். பிள்ளைகளுக்கு இந்த வருத்தம் வந்த பெற்றோர் சிலர் 1970இல் அமெரிக்காவில் சேர்ந்து ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். ஜேடிஆர்எஃப் என்று நெடுங்காலம் இருந்தது, 2024 முதல் அதன் பெயர் பிரேக்த்ரூ டி1டி. ஹார்வர்டில் டக் மெல்ட்டன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். தவளைகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1991இல் ஆறு மாதக் குழந்தையாக இருந்த மகனுக்கு இது வந்தது, பிறகு மகளுக்கும். தவளையை விட்டுவிட்டு இன்சுலின் சுரக்கும் கலங்களை ஆய்வுகூடத்திலேயே வளர்த்தெடுக்கும் வேலையில் இறங்கினார். 2014இல், எந்தக் கலமாகவும் மாறக்கூடிய மூலக் கலங்களிலிருந்து அவற்றை ஏராளமாக உண்டாக்கும் வழியை வெளியிட்டார். அந்த வழியில் வந்த சிகிச்சையை வெர்டெக்ஸ் என்ற கம்பனி நடத்த, 2025இல் முடிவு வந்தது: முழு அளவு கலங்கள் ஏற்றப்பட்ட 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலினே தேவைப்படவில்லை.

இதைப் படித்தபோது குசினியில் தனியாக நின்று அழுதேன். ஆனால் மகனிடம் சொல்லும்போது மற்றப் பாதியையும் சொல்லிவிட்டேன். அந்தக் கலங்களை உடம்பு திரும்ப அழிக்காமலிருக்க நிர்ப்பீடனத்தை அடக்கும் மாத்திரைகளை விடாமல் எடுக்க வேண்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் குறைவில்லாத எங்கள் மலையில், வளரும் பிள்ளைக்கு அது சின்ன விலை இல்லை. அதே 2025இல் சுவீடனில் உப்சாலாவில், கலங்களின் மரபணுவை மாற்றி, அந்த மாத்திரை இல்லாமலே ஒருவருக்கு வைத்துப் பார்த்தார்கள். கலங்கள் பிழைத்தன, இன்சுலினும் சுரந்தன. ஒரே ஒரு ஆள், வைத்ததும் சிறிய அளவு, அவர் ஊசியை விடவில்லை. “பரவாயில்ல அம்மா, கலம் சாகலதானே,” என்றான் மகன்.

எனக்குக் கூடுதலாக மனதில் நிற்பது பொஸ்டனில் நடக்கும் ஒன்று. பிறந்தவுடன் எங்கள் பிள்ளைகளுக்கு இடது கையில் போடுகிறார்களே பீ.சீ.ஜீ., காசநோய்த் தடுப்பூசி, அதையே வளர்ந்த நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார் டெனிஸ் ஃபௌஸ்ட்மன் என்ற வைத்தியர். பழைய, மலிவான மருந்து. அதில் எந்தக் கம்பனிக்கு என்ன இலாபம்? அதனால் அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறது. கார் கம்பனித் தலைவராக இருந்த லீ அயக்கோக்கா, இந்த நோயின் பாதிப்பில் 1983இல் மனைவியை இழந்தவர், தானும் கொடுத்து ஊராரிடமும் கேட்டு வாங்கிக் கொடுத்தார். 2018இல் ஒரு சிறு குழுவில் நல்ல பலன் என்று எழுதினார்கள். மிகச் சிலரை வைத்துச் சொன்னது என்று அந்தத் துறையிலேயே பலர் நம்பவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் கிளினிக்கில் போய் பீ.சீ.ஜீ. கேட்காதீர்கள், என் மகன் கையிலும் அந்தத் தழும்பு இருக்கிறது, அது வருத்தத்தைத் தடுக்கவில்லை. ஆனால் மேட்டு லயம் வரைக்கும் வருமா என்று அம்மாயி கேட்டாரே, அதற்கு இப்படி ஒரு மலிவான மருந்தால்தான் சட்டென்று ஆமென்று சொல்ல முடியும். குடும்பநல மாது ஏற்கெனவே தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்துகொண்டு மலையேறியவர்தான்.

இங்கிருந்து வங்கி வழியாக அனுப்பினால் கட்டணமே அம்மாயியின் பணத்தை விழுங்கிவிடும். பத்தனை ஸ்ரீபாத கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி டொரண்டோவில் இருக்கிறாள், அவளிடம் சொன்னேன். மூன்று கனடா டொலர்கூட வராது என்று வெட்கத்தோடு சொன்னேன். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் உரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்குத்தானே இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள், நீ ஏன் வெட்கப்படுகிறாய் என்று திட்டினாள். தன் பங்கையும் சேர்த்து, அந்தப் பெற்றோர் அமைப்பின் கனடாக் கிளைக்கு அம்மாயி பெயரிலேயே கட்டிவிட்டாள். ரசீதைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டினேன். மேட்டு லயத்தைப் பற்றி அதில் ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டார். தோழி அதைத் தனிக் கடிதமாக ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

இனி ஒவ்வொரு மாதமும் சம்பளத்தன்று ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்கப்போகிறேன். மகன் தன் கைச்செலவில் இருபது ரூபாய் போடுகிறான், கேட்காமலே. இன்னொன்றும் உண்டு. நீங்கள் தந்ததில் மிச்சம் இருக்கிறது. இன்சுலினை அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகத் தருகிறார்கள், இரத்தம் பார்க்கும் ஸ்ட்ரிப்பை நாங்கள்தான் வாங்குகிறோம். கிளினிக்கில் கண்ட வேறு பிள்ளைகளுக்கும் அந்த மிச்சத்தில் ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். கணக்கைக் கோயில் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறேன், யாருக்கும் மறுப்பு இருந்தால் தலைவரிடம் சொல்லுங்கள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயம்மாக்களிடமும் பேசியிருக்கிறேன். தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும், பாயை நனைக்கும், சாப்பிட்டும் மெலியும் பிள்ளை இருந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் ஒரு துளி இரத்தம் பார்க்கச் சொல்லி. பூசாரி ஐயாவும் சரி என்றிருக்கிறார். துந்நூறு போட்ட கையோடு டிஸ்பென்சரிக்கும் அனுப்புகிறாராம்.

ஸ்டாண்ட் தம்பிமாரே, அன்றைக்கு ஹயர் காசு வாங்காமல் போய்விட்டீர்கள். தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும். முறுக்கு சுடுவேன். இவனும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான், எத்தனை முறுக்குக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று என்னைவிட வேகமாகக் கணக்குப் போடப் பழகிவிட்டான்.