மயான காண்டத்தை வெட்ட வேண்டாம்: எங்கள் ஊர் விழாக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

இந்த வருஷம் அரிச்சந்திரா நாடகத்தை ராத்திரி 2 மணிக்கே முடித்துவிட வேண்டும், மயான காண்டம் வேண்டாம், அம்மனுக்கு எடுக்கிற விழாவில் சுடுகாடும் ஒப்பாரியும் எதற்கு என்று முடிவாகியிருக்கிறதாமே. காரைக்குடியில் இருக்கிற எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. மனசு கேட்கவில்லை.

பபூன் சிரிக்க வைப்பதெல்லாம் நம்மை அந்தக் காண்டம் வரைக்கும் உட்கார வைக்கத்தான். பாம்பு தீண்டிச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். சுடுகாட்டைக் காத்து நிற்பவன் கட்டின புருஷன். கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுத்தால்தான் எரிக்க விடுவேன் என்கிறான். அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு என்கிறது தொல்காப்பியம். ராணியாக இருந்தவளுக்கு நாலும் சேர்ந்து வருகிற நேரம் அது. ஆனால் ஒப்பாரியைவிட அந்தக் கால்பண வழக்குதான் என்னை அறுக்கும், வட்டியும் முதலும் எழுதியே வளர்ந்த ஊர் இல்லையா நம்முடையது.

என் அப்பத்தாவின் அண்ணன் பர்மாவில் கடைக்கு இருந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபின் நடந்தே கிளம்பிய கூட்டத்தில் அவரும் ஒருவர், வழியில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சேதி மட்டும்தான் வந்தது; எரித்தார்களா, புதைத்தார்களா, ஒன்றும் தெரியாது. அப்பத்தா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எனக்குப் பத்து வயசிருக்கும்போது நம் பொட்டலில் இதே காண்டம். பாயில் என் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள், முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், ஒரு எட்டணாவை மேடை விளிம்பில் வைத்து, "பிள்ளையை எரிக்கச் சொல்லுங்கப்பா" என்றாள். ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தபிறகுதான் அழுதாள், விடிகிற வரைக்கும்.

அது யாருக்காக அழுதது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் அழ முடியாததை அடுத்தவள் பிள்ளைக்காக அழ முடிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் நடிகர்களையும் நினையுங்கள். நடிகர்களைத் தனித்தனியாக வரவழைத்துப் போடுகிற இந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது, ராஜா வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊர், ராணி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர். அந்தக் கால்பண வழக்கு அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் உண்டாகிறது. மணி பார்த்து முடிக்கச் சொன்னால் பாட்டு மிஞ்சும், வழக்கு மிஞ்சாது.

ஆகையால் விடிய விடிய நடக்கட்டும். மேல்செலவு எவ்வளவு ஆனாலும் ஊர் வரிக்கணக்கில் என் குடும்பத்துக்கு உள்ள புள்ளிக்கு எழுதிக்கொள்ளுங்கள்.