கொட்டேஷனில் லீட் ஸ்குரூ, பெட்டிக்குள் போல் ஸ்குரூ: மாற்றித் தாருங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் தாருங்கள்

முகாமையாளர் அவர்களுக்கு,

உங்களிடம் வாங்கிய லீனியர் அக்சுவேட்டரைப் பற்றி, அதாவது மோட்டர் சுற்றுவதை ஸ்குரூ ஒன்றால் நேர்கோட்டு நகர்வாக மாற்றும் சாமானைப் பற்றி, போனில் பலமுறை சொல்லிவிட்டேன். விற்பனைப் பகுதியில் இருக்கும் தம்பி ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "அண்ணா, உங்களுக்கு வந்தது அதைவிட விலை கூடின சாமான், இதுக்கு ஏன் கோபப்படுறீங்க?" வாயால் பேசியதற்குச் சாட்சி இல்லை என்பதால் இனி எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும். இதையே உங்கள் இணையப் பக்கத்திலும் போடுகிறேன், வாங்கப் போகிற மற்றவர்களும் படிக்கட்டும்.

கிராண்ட்பாஸில் சின்னதாக ஒரு வேர்க்ஷொப் வைத்திருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் கல்யாணக் கார்ட் அடிக்கும் அச்சகம் ஒன்றுக்கு, கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் பேப்பர் அடுக்கை ஏற்றி இறக்கும் மேசை ஒன்று செய்து கொடுத்தேன். மேசைத் தட்டும் பேப்பரும் சேர்த்து 60 கிலோ. அதற்கு நான் உங்களிடம் கேட்டது 16 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் பிட்ச்சும் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள ட்ரபிசொய்டல் லீட் ஸ்குரூ (சரிவக வடிவ மரை வெட்டிய தண்டு, நட் அதில் உரசியபடி நகரும்), வெண்கல நட், கூடவே பூட்டிய நேமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டர் (படிப்படியாகச் சுற்றும் மோட்டர்). கொட்டேஷனிலும் பில்லிலும் அப்படியே இருக்கிறது, பெட்டியில் ஒட்டிய லேபிளிலும் அதுதான். செங்குத்தாகப் பூட்டப் போகிறோம், கரண்ட் போனாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று வாட்சப்பில் கேட்டதற்கு "நிக்கும் அண்ணா, செல்ஃப் லொக்" என்று, அதாவது தன்பாட்டில் பூட்டிக்கொள்ளும் என்று, உங்கள் ஆள் போட்ட பதில் இன்னும் என் போனில் இருக்கிறது.

பூட்டினோம், நன்றாகத்தான் ஓடியது. கரண்ட் இருக்கும்வரை ஸ்டெப்பர் மோட்டர் தானே பிடித்துக்கொண்டிருக்கும், ஆகவே உள்ளே என்ன ஸ்குரூ இருந்தாலும் மேசை அசையாது, யாருக்கும் எதுவும் தெரியவும் வராது. அப்புறம் ஒரு பின்னேரம் கரண்ட் போனது. மேலே நின்ற மேசை முதலில் மெல்ல இறங்கி, பிறகு வேகம் பிடித்து, அடியில் போய் மோதியது. அடுக்கு சரிந்து, தங்க நிறம் அடித்து முடித்திருந்த கார்ட் அட்டைகள் தரையெல்லாம் சிதறி மூலை மடிந்தன. பக்கத்தில் நின்ற பையன் அந்த நேரம் பார்த்துக் குனிந்து எதையும் எடுக்கவில்லை, அதனால் கை தப்பியது. குனிந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன், பொலிஸார்தான் எழுதியிருப்பார்கள்.

உறையைக் கழற்றினால் வொரண்டி இல்லை என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருந்தீர்கள். அச்சக முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் வீடியோ எடுத்தபடியே அதைக் கிழித்துத் திறந்தேன். உள்ளே வெண்கல நட்டே இல்லை. அரைவட்டக் காடி வெட்டிய ஸ்குரூ, அதில் எஃகுக் குண்டுகள் உருண்டு சுற்றி வரும் நட், அதாவது போல் ஸ்குரூ. விட்டம் அதே 16, ஒரு சுற்றுக்கு நகர்வதும் அதே 4 மில்லிமீட்டர், அதனால்தான் ஓட்டிப் பார்த்தபோது ஒரு வித்தியாசமும் இல்லை. மோட்டரைப் பிரித்துவிட்டு நிமிர்த்திப் பிடித்தால் தட்டு இல்லாமலே நட் தன்பாட்டில் சுற்றிக்கொண்டு கீழே வருகிறது.

இப்போது அந்தத் தம்பியின் "விலை கூடின சாமான்" கதைக்கு வருவோம். விலை கூடியதுதான், திறமும் கூடியதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. போல் ஸ்குரூவில் மோட்டர் கொடுக்கும் வேலையில் 90 சதவீதமளவு பயனுக்குப் போகிறது. லீட் ஸ்குரூவில் பெரும்பாலும் பாதிகூடப் போகாது, மிச்சமெல்லாம் உராய்வில் சூடாகிப் போய்விடும். ஆனால் எனக்கு வேண்டியதே அந்த உராய்வுதான்! மரையின் சரிவு இரண்டிலும் ஏறக்குறைய 5 பாகைதான். வெண்கலமும் எஃகும் உரசும் இடத்தில் உராய்வு அந்தச் சரிவை மிஞ்சி நிற்கிறது, ஆகவே மேலே எவ்வளவு பாரம் இருந்தாலும் அது ஸ்குரூவைத் திருப்பாது. கார் டயர் மாற்றும்போது ஜக்கியின் கைப்பிடியை விட்டுவிட்டாலும் வண்டி இறங்காமல் நிற்பது இதனால்தான். குண்டு உருளும் இடத்தில் உராய்வு இல்லை என்றே சொல்லலாம். மோட்டர் சுற்றினால் மேசை ஏறும், மேசை அமத்தினால் மோட்டர் சுற்றும், இரண்டு பக்கமும் வழி திறந்தே இருக்கிறது. 60 கிலோ பாரம் 4 மில்லிமீட்டர் போல் ஸ்குரூவைத் திருப்பும் விசையைக் கணக்குப் போட்டால் 0.3 நியூட்டன் மீட்டருக்கு வரும். கரண்ட் இல்லாத நேமா 23 மோட்டர் காந்தத்தின் பிடியால் மட்டும் தடுப்பது 0.1 கூட வராது. விழாமல் என்ன செய்யும்?

லீட் ஸ்குரூவின் குறைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. சூடேறும், நட் தேயும், நாள்பட ஆட்டம் விழும், இடைவிடாமல் ஓட்டினால் தாங்காது. அச்சகத்தில் மேசை ஒரு தடவை ஏறினால் அப்புறம் கன நேரம் சும்மா நிற்கும், அந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும் என்று பார்த்துத்தான் கேட்டேன்.

"சிஎன்சி மெஷின்ல எல்லாம் போல் ஸ்குரூதானே அண்ணா" என்றும், கணினி ஓட்டும் வெட்டு மெஷின்களைக் காட்டி, தம்பி சொன்னார். உண்மை. ஆனால் அந்த மெஷின்களில் மேலும் கீழும் போகிற இசட் அச்சைப் போய்ப் பாருங்கள், கரண்ட் போன உடனே ஸ்பிரிங்கால் இறுகிக்கொள்ளும் பிரேக் மோட்டரோடேயே வரும், இல்லாவிட்டால் எதிர்ப்பாரம் கட்டியிருக்கும். நீங்கள் அனுப்பியதில் இரண்டும் இல்லை. படுக்கையாக ஓடும் அச்சுக்கு இதே சாமானை விற்றிருந்தால் உங்களை வாழ்த்தியே எழுதியிருப்பேன்.

கடைசியாக வந்த யோசனை, யூபிஎஸ் ஒன்று போடுங்கள் என்பது. அதையும் உங்களிடமே வாங்க வேண்டுமாம். பற்றரி தீர்ந்த பிறகு யார் வந்து மேசையைப் பிடிப்பது? 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய ஊர் இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். இந்த நாட்டில் தூக்கும் சாமான் விற்கிறவர், கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். கொட்டேஷனில் உள்ளபடி ட்ரபிசொய்டல் ஸ்குரூவும் வெண்கல நட்டும் உள்ள அக்சுவேட்டரைக் கொண்டுவந்து தந்துவிட்டு இதை எடுத்துச் செல்லுங்கள். ஸ்டொக்கில் இல்லையென்றால் இதற்கே கரண்ட் போனால் பிடிக்கும் பிரேக்கை உங்கள் செலவில் பூட்டிக் கொடுங்கள், 60 கிலோவை ஏற்றி மெயின் சுவிட்சை அணைத்து என் முன்னால் காட்ட வேண்டும். இரண்டும் முடியாதென்றால் முழுப் பணமும் வேண்டும். எதைச் செய்தாலும் வீணான கார்ட் அட்டையின் காசு தனி, அச்சகத்தின் பில் இருக்கிறது. இன்னொன்று: அதே லேபிளோடு அதே லொட்டில் வந்த மற்றப் பெட்டிகள் யாரிடம் போயின என்று பார்த்து அவர்களுக்குச் சொல்லுங்கள். யாராவது கட்டிலுக்கோ கதவுக்கோ பூட்டியிருக்கலாம்.

விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது இந்த நாட்டில் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது, நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட, பொருளை வாங்கியதிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். அதில் கணிசமான பகுதியை உங்கள் தம்பி பேசியே கழித்துவிட்டார். ஆகவே வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் திங்கட்கிழமை காலை பில், வாட்சப் பதில், வீடியோ எல்லாவற்றோடும் முறைப்பாடு போகும்.

கழற்றிய அக்சுவேட்டர் என் வேர்க்ஷொப்பில் இருக்கிறது. ஆள் அனுப்புவதாக இருந்தால் தொழில்நுட்பம் தெரிந்தவரை அனுப்புங்கள், விற்பனைத் தம்பி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
கிராண்ட்பாஸ், கொழும்பு 14